எந்தப் படியில் தடுக்குகிறது? சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்குத் தொடக்கப் பள்ளியில் கைகொடுப்பது

மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் சொல்கிறார்: "எல்லாரும் கணக்குப் புத்தகத்தை எடுங்க. 42ஆம் பக்கம். மேல இருக்கிற மூணையும் விட்டுட்டு நாலாவது கணக்கைப் போடுங்க. நோட்டுல தேதி போட மறக்காதீங்க. முடிச்சவங்க சத்தம் போடாம என் மேசையில கொண்டுவந்து வைங்க."

வகுப்பு குனிகிறது. ஒரு சிறுமி மட்டும் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்துப் பையனைப் பார்க்கிறாள். அவன் பக்கத்தைப் புரட்டியதும் இவளும் புரட்டுகிறாள். அப்புறம் பென்சிலைச் சீவுகிறாள். ஐந்து நிமிடம் கழித்து ஆசிரியர் வந்து பார்த்தால், நோட்டில் தேதி மட்டும் அழகாக எழுதியிருக்கிறது. "சொன்னதைக் காதுல வாங்கறதே இல்ல."

அவள் காதில் வாங்கினாள். ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னது ஐந்து வேலை. அவள் தலையில் தங்கியது இரண்டு: முதலில் வந்த புத்தகமும், நடுவில் வந்த தேதியும். நாலாவது கணக்கு அவளுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கே இன்னும் யாரும் போகவில்லை. அதற்கு முன்பே, வாசற்படியிலேயே அவள் தடுக்கிவிட்டாள்.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்கு உதவுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறது என்று பார்ப்பது, அந்தப் படியை மட்டும் சரிசெய்வது, காலூன்றியதும் கையை எடுத்துவிடுவது. சொல்லக் கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. வகுப்பறையில்தான் மூன்றும் ஒவ்வொரு விதமாகச் சறுக்கும்.

பெயர் வேறு, தேவை வேறு

'சிறப்புக் கல்வித் தேவை' என்ற சொல்லுக்கே ஒரு பின்கதை உண்டு. இங்கிலாந்தில் 1970 வரை, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளைக் 'கல்வி கற்பிக்க இயலாதவர்கள்' என்று பள்ளிக்கு வெளியே வைக்கச் சட்டமே இடம் கொடுத்தது. மற்றவர்களை மருத்துவப் பெயர் வைத்துப் பிரித்தார்கள். பார்வையற்றவர், காது கேளாதவர், வலிப்பு உள்ளவர், 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்' என்று வகை வகையாகப் பெட்டிகள். 1978-இல் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான அரசுக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தப் பிள்ளையை எந்தப் பெட்டியில் போடலாம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இது படிக்க என்ன தேவைப்படுகிறது என்று கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஐந்தில் ஒரு குழந்தை வரைக்கும் பள்ளி வாழ்க்கையின் ஏதாவது ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படலாம் என்றும் அந்தக் குழு கணக்குப் போட்டது. 30 பேர் இருக்கும் வகுப்பில் ஆறு பேர் வரை. அதாவது, எப்போதாவது வந்து சேரும் ஓர் 'அரிதான' பிள்ளையைப் பற்றிய பேச்சு இல்லை இது.

1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, இந்தக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு அதை உரிமையாகவே எழுதிவைத்தது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. பள்ளியில் சேர்த்துக்கொள்வது ஒன்று, சேர்த்த பிறகு படிக்க வைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆசிரியரின் கையில் இருக்கிறது.

மருத்துவப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் (மதி இறுக்கம்), டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் சிரமம்), ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்று ஒரு பெயர் கிடைத்ததும் "நம்ம வளர்ப்புதான் தப்போ" என்று குமைந்துகொண்டிருந்த பெற்றோர் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பல இடங்களில் அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் என்ன செய்வது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கலாம். ஒருவன் மூச்சுவிடாமல் ரயில்களைப் பற்றிப் பேசுவான், இன்னொருத்தி ஒரு சொல்கூடப் பேசமாட்டாள். ஒருவனுக்கு மணிச் சத்தம் தாங்காது, இன்னொருத்திக்கு அது பொருட்டே இல்லை. அதனால், சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், வந்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கவும் வேண்டாம்.

மனதுக்குள் ஒரு சின்னச் சிலேட்டு

அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். ஒரு விஷயத்தைச் செய்து முடிக்கும்வரை மனதில் பிடித்துவைக்கும் திறனைச் செயல்நினைவு என்கிறார்கள். உளவியலாளர்கள் பாட்லியும் ஹிட்ச்சும் 1974-இல் இதற்கு ஒரு மாதிரியை வகுத்தார்கள். எளிமையாகச் சொன்னால், மனதுக்குள் இருக்கும் சின்னச் சிலேட்டு. பெரியவர்களின் சிலேட்டிலேயே ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்குத்தான் இடம். ஏழெட்டு வயதில் அதைவிடக் குறைவு. கற்றல் சிரமம், மொழிச் சிரமம், கவனச் சிரமம் உள்ள பல பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. இடம் நிரம்பியதும் புதியது வந்து பழையதை அழித்துவிடும். "முதல்ல என்ன சொன்னாங்க?" என்று யோசிக்கத் தொடங்கினால் அந்த யோசனைக்கும் அதே சிலேட்டில்தான் இடம் வேண்டும்.

இது தெரிந்தால் பல 'சோம்பேறித்தனங்கள்' வேறு மாதிரி தெரியும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்க்க வேண்டும், ஒரு சொல்லைப் பிடித்துவைக்க வேண்டும், குனிய வேண்டும், எழுத்துகளை வரிசையாகப் போட வேண்டும், மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேட வேண்டும். நமக்கு ஒரு வேலையாகத் தெரிவது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வேலை. எழுதி முடிக்கும்போது பாடம் நகர்ந்திருக்கும், எழுதியதில் ஒரு வரியும் மனதில் நின்றிருக்காது.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதிகம் போனால் இரண்டு. எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அதே வரிசையில் சொல்ல வேண்டும். மேலே உள்ள ஆசிரியர் தேதியைக் கடைசிக்கு முன்னால் சொன்னார், ஆனால் நோட்டில் அதுதான் முதல் வேலை. சொன்னது காற்றில் போகும், எழுதியதும் வரைந்ததும் நிற்கும். ஆகவே மேசையில் ஓர் அட்டை. புத்தகம், பக்க எண், பென்சில், ஆசிரியர் மேசை என்று நாலு படம். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். கரும்பலகையில் இருப்பதை அச்சிட்டோ கையால் எழுதியோ ஒரு தாளாகக் கொடுத்துவிட்டால், நிமிர்ந்து குனியும் வேலையே இருக்காது.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்திவிடலாம். அந்தக் கேள்விக்கு எந்தக் குழந்தையும் "இல்லை" என்று சொல்லி நான் பார்த்ததில்லை. "இப்ப முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படிப்பதில் தடுமாறும் பிள்ளை

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். சூட்டிகையான பையன், கணக்கு நன்றாக வரும், பார்வையில் குறையில்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. எல்லாவற்றையும் வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் மார்கன் குறித்திருக்கிறார். நூற்றாண்டுக்கு மேலாகியும் டிஸ்லெக்சியா என்றதும் அறிவு குறைவு என்றோ, எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும் என்றோ நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவது படிக்கத் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் செய்வதுதான். டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் முரண்டுபிடிப்பது, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து, அவற்றை எழுத்தோடு சட்டென்று இணைக்கும் வேலை.

தமிழில் இது எப்படித் தெரியும் என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'கொடி' என்ற சொல். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது க். கொம்பைக் கடந்து, க-வைப் பிடித்து, அதற்குப் பின்னால் நிற்கும் துணைக்காலையும் பார்த்த பிறகுதான் அது 'கெ' இல்லை, 'கொ' என்று முடிவாகும். ஒரே ஓர் உயிரொலிக்காக, ஓர் எழுத்தின் இரண்டு பக்கமும் கண் போய்வர வேண்டும். தடுமாறும் பிள்ளை 'கெ... ஆ... டி' என்று படிக்கும். அது கவனக்குறைவால் வந்த தப்பு இல்லை. கண்ணில் பட்ட வரிசைப்படி அது ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு "நல்லாப் பார்த்துப் படி" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் ஒரே நிறத்தில், நடுவில் உள்ள எழுத்து வேறு நிறத்தில் என்று சில நாள் எழுதிக் காட்டினால், இரண்டும் ஒரு ஜோடி என்று கண் பழகும். கெ, கொ, கே, கோ என்று நாலு சீட்டுகளைக் கலைத்துப்போட்டு, தினமும் ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் உட்காரவைப்பதைவிட இந்த ஐந்து நிமிடம்தான் பலன் தரும்.

இன்னொரு தொல்லை, நம் சொற்களின் நீளம். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்று ஒரே சொல்லாக வரும்போது, கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து சிலேட்டிலிருந்து அழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில், இருந்து என்று பென்சிலால் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் போதும். சில வாரத்தில் கோட்டைப் பிள்ளையே கிழிக்கும், அப்புறம் மனதுக்குள் கிழிக்கும்.

இங்கே ஆசிரியர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கணக்குப் பாடத்தில் வாக்கியக் கணக்கைப் படிக்க முடியாத பிள்ளைக்குக் கணக்கே வராது என்று மதிப்பெண் போட்டுவிடுகிறோம். இன்றைக்கு நான் பார்க்க விரும்புவது கழித்தலா, வாசிப்பா? கழித்தல் என்றால் கேள்வியை வாசித்துக் காட்டிவிடுங்கள். சமூக அறிவியலில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் வாயால் சொல்லட்டும், படமாக வரையட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாசிப்புப் பாடத்தில் மட்டும் வாசிப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. அங்கே நாம் வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை கடைசிவரை கற்காது.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இவன் கண்ணால் பார்த்துக் கற்பவன், இவள் காதால் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்துவதற்கும், வண்ணக் கண்ணாடித்தாளை வைத்தால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கும் ஆராய்ச்சியில் உறுதியான ஆதாரம் இல்லை. அதற்குச் செலவாகும் நேரத்தைக் கொம்புக்கும் துணைக்காலுக்கும் செலவழிக்கலாம்.

காது, கண், கை

சில படிகள் நம் கண்ணெதிரிலேயே இருக்கும், ஆனாலும் தவறிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சகஜம். சளி பிடித்த வாரம் கேட்காது, அடுத்த வாரம் கேட்கும். "இஷ்டம் இருந்தா கேக்கறான், இல்லைனா இல்லை" என்று திட்டு வாங்கும் பிள்ளையை முதலில் காது பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புங்கள். காதுகேள் கருவி போட்டிருந்தாலும் கண்ணாடி போட்டதும் பார்வை தெளிவதுபோல் எல்லாம் சரியாகிவிடாது. நாற்காலி இழுபடும் சத்தமும் அதே கருவி வழியாகத்தான் வருகிறது. ஆசிரியர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் அந்தப் பிள்ளைக்கு முதுகு மட்டும்தான் பாடம் நடத்துகிறது. ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசினால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. எழுதிவிட்டுத் திரும்பி நின்று பேசுவதற்குக் காசு செலவில்லை.

பார்வைக் குறைவுக்கு எப்போதும் எழுத்தைப் பெரிதாக்குவதுதான் வழி என்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு வெளிச்சத்தில் கண் கூசுவதுதான் பிரச்சினை, ஜன்னல் பக்கத்திலிருந்து இடம் மாற்றினாலே போதும். சிலருக்கு அழுத்தமான கறுப்புக் கோடு போட்ட நோட்டு வேண்டும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கை ஒத்துழைக்காமல் இருக்கலாம், பேச்சு குழறலாம். அதை வைத்து அறிவை அளக்கவே கூடாது. கால் தரையில் ஊன்றியிருக்கிறதா, மேசை முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காலுக்கடியில் ஒரு பலகை வைத்ததும் கையெழுத்து தேறிய பிள்ளைகள் உண்டு. உடல் ஆடாமல் இருப்பதற்கே பாதிச் சக்தி போனால் எழுத என்ன மிஞ்சும்?

பேச்சைப் புரிந்துகொள்ளும் சிரமம்

எல்லாவற்றிலும் எளிதாகக் கண்ணுக்குத் தப்புவது மொழிச் சிரமம். காது நன்றாகக் கேட்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் சொற்களையும் வாக்கியங்களையும் புரிந்துகொள்வதும் கோப்பதும் சிரமம். நூற்றில் சுமார் ஏழு குழந்தைகளுக்கு இது உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமைதியான பிள்ளை என்றால் 'நல்ல பிள்ளை' என்ற பெயரோடு பின்பெஞ்சில் காணாமல் போய்விடும். குறும்பு செய்கிற பிள்ளையாக இருந்தால் நடத்தைப் பிரச்சினை என்று பெயர் வரும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பள்ளி மொழியில் மட்டும் தடுமாறுவது புது மொழி கற்கும் யாருக்கும் உள்ளதுதான். வீட்டு மொழியிலும் அதே தடுமாற்றம் இருந்தால்தான் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மிக மலிவான மருந்து மூன்று விநாடி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாவது காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நான் இதை முயன்றபோது முதல் நாள் அந்த மௌனம் தாங்கவில்லை. இரண்டாவது விநாடியிலேயே நானே பதிலைச் சொல்லிவிட்டேன். மேசைக்கடியில் விரலை மடக்கி எண்ணித்தான் பழகினேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "இதைப் படிக்க முடியுமா?" என்றால் "முடியும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதே! "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்றால் முகத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், வகுப்பு சிரிக்கும், அவர்களுக்கு ஏன் என்று புரியாது. "கொஞ்சம் பொறு" என்பது எவ்வளவு நேரம்? "பெரிய முள் ஆறுக்கு வரும்வரை" என்றால் புரியும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதபோதுதான் பலருக்குப் பதற்றம் ஏறுகிறது. அன்றைய பாடவேளைகளைப் படமாக வரிசையாக ஒட்டிவைத்து, முடிந்ததை எடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும். வழக்கம் மாறும் நாளில் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பார்க்காமலே நன்றாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏடிஎச்டி என்றதும் ஓடித்திரியும் பையன்தான் நினைவுக்கு வருவான். ஜன்னலைப் பார்த்தபடி கனவில் இருக்கும் சிறுமிக்கும் அதே சிரமம் இருக்கலாம், அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதால் பல ஆண்டுகள் தெரியாமலே போகும். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் எழுந்து வந்து காட்டச் சொல்வது இரண்டுமே கைகொடுக்கும். நடப்பதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் காரணமில்லாத நடை குறையும்.

சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

கட்டடம் கட்டும்போது சுற்றிலும் கம்பு நட்டுச் சாரம் கட்டுவார்கள். சுவர் உலர்ந்து உறுதியானதும் பிரித்துவிடுவார்கள். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் கூம்பகோபுரம் கட்ட ஒருவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்து எழுதிய கட்டுரையில் இந்த உவமையைத்தான் எடுத்தார்கள். பிள்ளையால் தனியாக முடியாத பகுதியை மட்டும் பெரியவர் பிடித்துக்கொள்கிறார், முடிகிற பகுதியைப் பிள்ளை செய்கிறது. சாரம் கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பிரிக்க மனசு வராதவர்கள்தான் அதிகம்.

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று எல்லாரையும் அதிரவைத்தது. வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் உதவியாளர் அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதேபோன்ற சிரமம் இருந்தும் உதவி குறைவாகக் கிடைத்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் மீது தப்பில்லை. என்ன பாடம், எதற்காக என்று முன்கூட்டிச் சொல்ல யாரும் நேரம் ஒதுக்கவில்லை. வேலை முடிந்தால் சரி என்று அவர்கள் முடித்துக்கொடுத்தார்கள். உதவியாளர் பக்கத்தில் இருக்கிறார் என்பதால் ஆசிரியரும் அந்த மேசைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கடைசியில், அதிகம் படித்த ஆசிரியர் அதிகம் தேவைப்படும் பிள்ளையிடமிருந்து தள்ளிப்போய்விட்டார்.

ஆகவே உதவியைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் சும்மா காத்திருப்பது. நகரவில்லை என்றால் அட்டையை விரலால் காட்டுவது. அதற்கும் நகரவில்லை என்றால் "அடுத்து என்ன?" என்று கேட்பது, பிறகு ஒரு துப்பு கொடுப்பது, பிறகு ஒன்றைச் செய்து காட்டிவிட்டு அடுத்ததைப் பிள்ளையையே செய்யச் சொல்வது. பென்சிலை நாம் வாங்கி எழுதுவது பட்டியலிலேயே இல்லை. நோட்டு அழகாக இருக்கிறதா என்று மேலதிகாரி பார்ப்பார் என்ற பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உதவியாளரின் கையெழுத்தில் நிறைந்த நோட்டைவிட, பிள்ளையின் கையில் மூன்று கோணல் வரி இருப்பது எனக்குப் பிடிக்கும்.

"அவளுக்கு மட்டும் ஏன் படஅட்டை?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலாகப் பத்து அட்டை செய்து அலமாரியில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் எல்லாரும் எடுப்பார்கள். இரண்டாம் வாரம் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் மட்டும் எடுப்பார்கள், அதில் நீங்கள் எதிர்பார்க்காத இரண்டு பேரும் இருப்பார்கள்.

எழுதிவைப்பது

பல பள்ளிகளில் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் இருக்கும். அதில் 'வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' என்று எழுதியிருந்தால் அது ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும், எட்டினோமா என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் பத்துச் சொற்களில் எட்டை, ஆறு வாரத்துக்குள், உதவியில்லாமல் படிப்பாள்' என்று எழுதினால் ஆறாவது வாரம் தெரிந்துவிடும். எட்டவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும். "அவளால முடியல" என்று எழுதி மூடிவைக்கக் கூடாது. முயன்றது ஒரு வழி, இன்னொன்று பாக்கி இருக்கிறது. கவனி, திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற சுற்று இதற்குத்தான். சுற்று சின்னதாக இருக்கட்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம்.

பெற்றோரைக் கூப்பிடுவது பெரும்பாலும் புகார் சொல்லத்தான். பள்ளியிலிருந்து போன் என்றாலே நெஞ்சு படபடக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு முறையாவது நல்ல செய்திக்காகக் கூப்பிடுங்கள், பொத்தாம்பொதுவாக இல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: "இன்னிக்கு நாலாவது படம்வரைக்கும் தானே கிளிப்பை நகர்த்தினா." அவர்களிடமும் கேளுங்கள். பல் தேய்க்க, உடை மாற்ற வீட்டில் ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பார்கள், அது வகுப்பறைக்கும் பொருந்தும். பிள்ளையிடமும் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எது உதவுகிறது, எது வெட்கமாக இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

கடைசியாக, ஆண்டு முடியும்போது அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். கோப்பு தடிமனாக இருந்தால் ஜூன் மாதத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். அந்தச் சிறுமிக்காக எழுதினால் இவ்வளவுதான் இருக்கும்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லவும். பலகையில் இருப்பதைத் தாளில் கொடுக்கவும். வாக்கியக் கணக்கை ஒருமுறை வாசித்துக் காட்டினால் தானே போடுவாள், கழித்தல் நன்றாக வரும். படஅட்டை பையில் இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் அதை எடுக்கவில்லை. நீங்களாக எடுத்து மேசையில் வைக்க வேண்டாம், தேவைப்பட்டால் அவளே எடுப்பாள்.